யூனிட் கிழிந்தாலும் பரவாயில்லை: டெட்ராய்ட் முதல் மிசிசிப்பி வரை ஐந்து நாள்

முதல் நாள்: காஸ் அவென்யூ, டெட்ராய்ட்

இல்லாத ஒரு மதுக்கூடத்தைப் பார்க்க நாற்பது நிமிடம் வண்டி ஓட்டி வந்த என் மருமகன், ஓரமாக நிறுத்திவிட்டு, "இதற்குத்தானா மாமா?" என்றான்.

இதற்குத்தான். கோல்டு டாலர் என்று அதற்குப் பெயர். 1997 கோடையில் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்ற பெயரில் இரண்டு பேர் முதன்முதலாக மேடையேறியது அங்கேதான். 2001இல் மூடிவிட்டார்கள். பிறகு தீப்பிடித்ததில் கட்டடமும் போயிற்று. நான் நடைபாதையில் நின்று ஐந்து நிமிடம் வெறித்துப் பார்த்தேன். எதிரே வந்த பெரியவர் ஒருவர், எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

இந்தக் கிறுக்கு எனக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா காரைக்குடியில் மைக் செட் கடை வைத்திருந்தவர். மாசி, பங்குனி வந்துவிட்டால் சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் எங்கள் குழாய்கள்தான் மரத்துக்கு மரம் தொங்கும். அப்பாவுக்குத் தொழிலில் ஒரே ஒரு விதி: ஒலி கிழியக் கூடாது. பக்கத்து ஊருக்குக் கேட்கிற அளவுக்குக் கூட்டச் சொல்லி ஊர்க்காரர்கள் சண்டைக்கே வருவார்கள். அவர் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 'கிழிகிறது, குறை' என்பதுதான் சிறுவயதில் நான் அதிகம் கேட்ட வாக்கியம்.

பல ஆண்டுகள் கழித்து அக்கா மகன் கல்லூரி விடுமுறைக்கு வந்தபோது எங்கள் மாடியில் ஒரு பாட்டைப் போட்டான். ஒலிபெருக்கியின் யூனிட், அதாவது சத்தம் எழுப்பும் பாகம், போய்விட்டது என்று பதறி, மாவுக் கையோடு ஓடிப்போய் ஒலியைக் குறைத்தேன். "மாமா, அது அப்படித்தான்" என்றான். அப்படித்தானா? வேண்டுமென்றேவா கிழிக்கிறார்கள்? அன்றைக்கு நுழைந்த குடைச்சல் இப்போது அவன் வீட்டில் ஒரு மாதம் தங்க வந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்துகொண்டது. அவனும் ஐந்து நாள் விடுப்புப் போட்டுவிட்டான்.

கராஜ் ராக் என்பது 1960களின் நடுவில் அமெரிக்கப் பையன்கள் வீட்டுக் கார் கொட்டகையில் மலிவான கருவிகளை வைத்துக்கொண்டு அடித்த கூத்து. பெரும்பாலும் மூன்று சுரக்கட்டு, அதாவது சேர்த்து மீட்டும் சுரங்களின் மூன்றே தொகுப்பு. அதற்கு அடியில் ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய பாட்டு, ஓடிக்கொண்டிருக்கும். டெட்ராய்ட்டில் இதை எலும்பு தெரியும்வரை சீவியவர்கள், 1986இல் தொடங்கிய த கோரீஸ். இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ். பாஸ் கிட்டார் கிடையாது. டிரம்ஸ் அடித்த பெண்ணிடம் வெண்கல சிம்பல்கூடக் கிடையாது. ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் இன்னும் ஒரு ஆளைக் குறைத்தார்கள். ஜாக் ஒயிட்டிடம் கிட்டார், மெக் ஒயிட்டிடம் டிரம்ஸ், அவ்வளவே. கணவனும் மனைவியுமாக இருந்தவர்கள் ஊருக்கு அக்கா தம்பி என்று சொல்லிக்கொண்டார்கள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காமலே இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது.

மதியம் பக்கத்திலேயே கான்ஃபீல்ட் தெருவில் தேர்ட் மேன் ரெக்கார்ட்ஸ் கடைக்குப் போனோம். ஜாக் ஒயிட்டின் நிறுவனம். 2015இல் கடை, 2017இல் அதன் பின்பக்கத்தில் இசைத்தட்டு ஆலை. ஜெர்மனியில் செய்த எட்டு அச்சு இயந்திரங்களுடன் தொடங்கினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேலை நடக்கிறது. சூடான பிளாஸ்டிக் உருண்டையை நடுவில் வைத்து, மேலொன்றும் கீழொன்றுமாகக் காகிதவட்டம் வைத்து, இயந்திரம் வாயை மூடுகிறது. அரை நிமிடம்போல. திறந்தால் தட்டு. ஓரத்தில் பிதுங்கியதை வழித்து எடுக்கிறார்கள், அடை ஓரத்தைக் கிள்ளுகிற மாதிரி. கல்கத்தா டம்டம் ஆலையில் அழுத்திய தட்டுகளை ஆயிரம் முறை துடைத்து அடுக்கியிருக்கிறேன். நடுவில் இருக்கும் அந்தக் காகிதத்தைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்றே இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். பசையே கிடையாது. அழுத்தத்திலேயே ஒன்றிப்போகிறது.

இரண்டாம் நாள்: ஒரு கல்லறையும் ஒரு பலகையும்

நகரின் வடமேற்கில் மவுண்ட் ஹேசல் கல்லறைத் தோட்டம். சன் ஹவுஸ் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்.

மிசிசிப்பிக்காரர். போதகராகவும் இருந்தார், குடிகாரராகவும் இருந்தார், இரண்டுக்கும் நடுவில் கிட்டார் வாசித்தார். 1930இல் விஸ்கான்சினில் சில தட்டுகள் பதிவாயின. 1943இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டருக்குப் போய் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். வாசிப்பதையே விட்டுவிட்டார். 1964இல் ப்ளூஸ் பித்துப் பிடித்த மூன்று இளைஞர்கள் தேடிக் கண்டுபிடித்தபோது தன் பாட்டுகளே அவருக்கு மறந்துபோயிருந்தன. ஆலன் வில்சன் என்ற வெள்ளைக்கார இளைஞன் எதிரில் உட்கார்ந்து, பழைய தட்டுகளைக் கேட்டுத் தான் கற்றதை அவருக்கே திருப்பிக் கற்றுக்கொடுத்தான். இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். மருமகனிடம் இன்று மூன்றாவது தடவையாகச் சொன்னேனாம்.

கடைசிக் காலத்தில் டெட்ராய்ட் வந்து, 1988இல் இங்கே இறந்தார். 1997இல்தான் டெட்ராய்ட் ப்ளூஸ் சங்கத்தார் கச்சேரிகள் நடத்திப் பணம் திரட்டி நினைவுக்கல் வைத்தார்கள். அதே ஆண்டு, இதே ஊரில், ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் முதல் மேடை ஏறுகிறது. 1999இல் வந்த முதல் ஆல்பத்தைச் சன் ஹவுஸுக்கே காணிக்கையாக்கினார்கள். காதலி இறந்த செய்தியைக் கடிதத்தில் படிக்கிறவனைப் பற்றிய அவருடைய பாட்டை அடுத்த ஆல்பத்தில் பதிவு செய்தார்கள். மேடையிலும் விடாமல் பாடினார்கள்.

ஆனால் ஜாக் ஒயிட் தனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது என்று சொல்வது அந்தப் பாட்டை அல்ல. சன் ஹவுஸ் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, வெறும் குரலும் கைதட்டலுமாகப் பாடிய ஒன்றை. அந்தக் கைதட்டல் ஒரே சீராக இருக்காது, முந்தும், பிந்தும். காலையில் காரில் கேட்டுக்கொண்டே வந்தோம். எனக்கு அதைக் கேட்கும்போது உள்ளங்கை அரிக்கிறது. சரியாகத் தட்டிவிடலாமே என்று அல்ல. அவர் விட்ட இடத்தில் நாமும் ஒன்று போடலாமே என்று.

கல்லின் மேல் யாரோ இரண்டு சில்லறைக் காசும் ஒரு கிட்டார் மீட்டியும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் ஒன்றும் வைக்கவில்லை. சட்டைப்பையில் இருந்தது மாத்திரை அட்டை மட்டும்.

திரும்பும் வழியில் ஜான் லீ ஹூக்கரைப் பற்றிய பேச்சு. அவரும் மிசிசிப்பியில் பிறந்த ப்ளூஸ்காரர், 1943இல் இங்கே வந்தவர். ஃபோர்டு ஆலையில் துப்புரவு வேலை. 1948இல் அவருடைய முதல் தட்டைப் பதிவு செய்தபோது கூட வாசிக்க ஆளே இல்லை. காலடியில் ஒரு மரப்பலகையைப் போட்டு, கால் தட்டுகிற ஓசைக்குத் தனியாக மைக் வைத்தார்கள். ஒரு மைக் செட்காரனின் மகனாக இதற்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன். பாடகர் காலைத் தட்டினால் எங்கள் ஊரில் மேடைக்கு அடியில் சாக்கு விரித்து அந்த ஓசையை அடக்குவோம்.

அவர் வாசித்துத் திரிந்த ஹேஸ்டிங்ஸ் தெருவைக் காட்டச் சொன்னேன். மருமகன் நெடுஞ்சாலையைக் காட்டினான். கறுப்பினத்தவர் கடை கண்ணியும் மதுக்கூடமுமாக இருந்த தெருவை இடித்துத்தான் அந்தச் சாலையைப் போட்டிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள்: ஒரு கம்பி அறுந்தது

இதை எழுதும்போது மணி இரவு இரண்டு. காதுக்குள் இன்னும் ரீங்காரம்.

டெட்ராய்ட் நகரத்தின் வயிற்றுக்குள் ஹாம்டிராமிக் என்று தனி ஊர் ஒன்று இருக்கிறது. முன்பு போலந்துக்காரர்கள், இப்போது ஏமன்காரர்களும் வங்காளதேசத்தவரும். மாலையில் வங்காளச் சாப்பாட்டுக் கடையில் சோறும் மீன்குழம்பும். அங்கிருந்து நடக்கும் தொலைவில் ஒரு மதுக்கூடம். நீளமான இருட்டு அறை, கடைசியில் முழங்கால் உயர மேடை, ஐம்பது பேர் இருந்தால் அதிகம். வாசலில் பஞ்சுக் காதடைப்பான் கொடுக்கிறார்கள். மருமகன் இரண்டையும் என் காதில் திணித்துவிட்டுத்தான் உள்ளே விட்டான்.

வாசிக்கப்போவது உள்ளூர் இருவர் குழு. ஆள் நெட்டையன், கிட்டார். முப்பது வயது இருக்கக்கூடிய பெண், டிரம்ஸ். தொடங்குவதற்கு முன் பழக்கதோஷத்தில் மேடை ஓரமாகப் போய்ச் சாமான்களை நோட்டம் விட்டேன். பெரிய டிரம் முன்னால் நழுவாமல் இருக்க ஒரு செங்கல். அதன் அடியில் ஓட்டை விழுந்த ஒரு விரிப்பு. கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் திறந்தே கிடந்தது. உள்ளே ஒலியைப் பெருக்கும் நான்கு கண்ணாடி வால்வுகள் ஆரஞ்சாகக் கனிந்துகொண்டிருந்தன. வால்வு மேல் படிந்த தூசி கருகும் வாசனை இருக்கிறதே, அதை முகர்ந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். சட்டென்று அப்பாவின் கடை.

கிழிகிற கதை இங்கேதான். வால்வால் தாங்க முடிகிற அளவுக்கு மேல் சத்தத்தைத் தள்ளினால் அலையின் உச்சி மழுங்கிவிடுகிறது. மழுங்கிய இடத்திலிருந்து புதிய மேல்சுரங்கள் கிளம்புகின்றன. காது அவற்றைக் கரகரப்பாக எடுத்துக்கொள்கிறது. டிரான்சிஸ்டர் என்றால் உச்சியைக் கத்தியால் அறுத்த மாதிரி வெட்டும். வால்வு மெல்ல அமுக்கும். அதனால் மெதுவாக மீட்டினால் ஓரளவு தெளிவு, அழுத்தி மீட்டினால் கிழிசல் என்று எல்லாமே விரலின் பிடியில் இருக்கிறது. எங்கள் கடையில் இது பழுது. இங்கே கிட்டாரின் பாதி இசை இதுதான்.

முதல் இரண்டு பாட்டும் ஓடின. ஓடின என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டுப் பட்டியல் என்று காகிதம் எதுவும் மேடையில் இல்லை. ஒயிட் ஸ்ட்ரைப்ஸும் அப்படித்தான், எழுதி வைத்துக்கொண்டு வாசித்ததில்லை. அவன் எதையாவது தொடங்குவான். அந்தப் பெண் அவன் விரலைப் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் கொஞ்சம் ஏறினால் அடுத்த அடி எங்கே விழும் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது பாட்டின் நடுவில் பட்டென்று கம்பி அறுந்தது. தடிமனான கம்பி, பாட்டே அதன் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாற்றுக் கிட்டார் கிடையாது. அவன் தரையில் உட்கார்ந்துகொண்டு பெட்டியைத் துழாவ ஆரம்பித்தான்.

நாகசுரக்காரர் சீவாளி மாற்றும் நேரத்தில் தவில் புகுந்து விளையாடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதே மாதிரி இவளும் புகுந்து பொழிந்து தள்ளுவாள் என்று காத்திருந்தேன். அவள் நேர்மாறாகச் செய்தாள். இருந்ததையும் குறைத்தாள். சிம்பலை விட்டாள். சின்ன டிரம்மை விட்டாள். காலால் ஒரு அடி, இடைவெளி, கையால் ஒரு அடி, இன்னும் நீளமான இடைவெளி. அறையில் ஐம்பது பேரும் அந்த இடைவெளிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். யாரோ கைதட்டத் தொடங்கி, தப்பி, நிறுத்திக்கொண்டார்கள். பனிக்கட்டி கண்ணாடிக் குவளையில் இடிபடும் ஓசை கேட்டது. நான் ஒரு காதடைப்பானைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவன் கம்பியைக் கோத்தான். ஆம்ப்ளிஃபயரை அணைக்கவே இல்லை. முறுக்கும்போது தொளதொளவென்ற உறுமல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுகிறது, பூனையை வாலோடு தூக்குகிற மாதிரி. அவள் அதற்கு இணையாக அடியை நெருக்கினாள். சுரம் ஏற ஏற இடைவெளி குறைய, கம்பி சுருதிக்கு வந்து சேர்ந்த அதே நொடியில் இருவரும் ஒன்றாக இறங்கினார்கள். என் நெஞ்செலும்பில் விழுந்தது அந்த அடி. பக்கத்தில் இருந்த ஒருவரின் பீர் என் செருப்பில் கொட்டியது. அவர் மன்னிப்புக் கேட்டிருக்கலாம், எனக்குக் கேட்கவில்லை.

இதை ஒத்திகை பார்த்து வைத்திருப்பார்களோ என்று வெளியே வந்ததும் மருமகன் கேட்டான். இருக்காது. ஒத்திகை பார்க்கிறவர்கள் மாற்றுக் கிட்டார் கொண்டு வந்திருப்பார்கள்.

ஜாக் ஒயிட்டின் பழக்கம் ஒன்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆர்கனைக் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொள்வார், ஓடிப்போய்த்தான் வாசிக்க வேண்டும். மீட்டி விழுந்தால் எடுக்கப் பின்னால் போக வேண்டும். அவர் கையில் இருந்த சிவப்பு ஏர்லைன் கிட்டார் மரக்கட்டைகூட அல்ல, 1960களில் தபாலில் விற்ற கண்ணாடியிழைப் பொருள். சுருதி நிற்காது. நல்ல கருவி வாங்கக் காசு வந்த பிறகும் அதையே வைத்துக்கொண்டார். கையில் இருப்பது போதாமல் இருந்தால்தான் மனிதன் கையை நீட்டுகிறான், நீட்டுகிற அந்தப் பதற்றம் கூட்டத்துக்குத் தொற்றுகிறது.

அப்பா அங்கே இருந்திருந்தால் முதல் பாட்டிலேயே எழுந்து போய்க் குறைத்திருப்பார். அதிலும் சந்தேகமில்லை.

நான்காம் நாள்: சாலை

ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். ஒஹாயோ, கென்டகி, டென்னசி. சின்சினாட்டிக்குப் பிறகு மழை. எலுமிச்சைச் சோறு மதியமே தீர்ந்துவிட்டது.

ஹூக்கரும் அவரைப் போன்ற லட்சக்கணக்கான கறுப்பினத் தொழிலாளர்களும் பருத்திக்காட்டை விட்டுக் கார் ஆலைக்குப் போன திசைக்கு எதிர்த்திசையில் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். கூடவே ஏறிப் போன பாட்டு, நகரத்தின் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் ஆம்ப்ளிஃபயரில் செருகப்பட்டது.

மெம்பிஸுக்கு இரவு பத்தரைக்கு வந்து சேர்ந்தோம். 2001இல் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் ஒரு வாரத்துக்குள் ஒரு ஆல்பத்தை முடித்த ஈஸ்லி மெக்கெய்ன் ஒலிப்பதிவுக்கூடம் இந்த ஊரில்தான் இருந்தது. கோரீஸின் இரண்டாவது ஆல்பமும் மெம்பிஸில் பதிவானதுதான். கூடத்தைப் பார்க்கலாமா என்று மருமகன் கேட்டான். 2005இல் எரிந்துபோய்விட்டது என்றேன். "நீங்கள் ஏன் மாமா எரிந்துபோன இடமாகவே பொறுக்கியெடுக்கிறீர்கள்?" என்றான். நாளைக்கும் ஒன்று இருக்கிறது என்பதை அவனிடம் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள்: சுலஹோமா, சவுத்ஹேவன்

மெம்பிஸிலிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேரம். மிசிசிப்பியின் குன்றுப் பகுதி. ஹோலி ஸ்பிரிங்ஸ் பக்கத்தில் சுலஹோமா என்ற சிற்றூரில் ப்ளூஸ்காரர் ஜூனியர் கிம்ப்ரோ ஞாயிறுதோறும் வாசித்த ஆட்டக்கூடம் இருந்தது. அவர் 1998இல் இறந்தார். கூடம் 2000இல் தீயில் போனது. நாங்கள் கண்டது இரண்டு பக்கமும் மரமும் கொடியும் மூடிய சாலை, ஒரு நாய்.

குன்றுப் பகுதி ப்ளூஸ், மிசிசிப்பியின் ஆற்றுச் சமவெளியில் பிறந்த டெல்டா ப்ளூஸைப் போல வரிக்கு வரி சுரக்கட்டு மாற்றாது. ஒன்றிலேயே நிற்கும். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், அதே தாளம், அதே சுருதி, ஆடுகிறவர்கள் களைக்கும்வரை. ஓஹாயோவின் ஏக்ரனிலிருந்து வந்த த பிளாக் கீஸ், இன்னொரு இருவர் குழு, 2006இல் கிம்ப்ரோவின் பாட்டுகளை மட்டுமே வைத்து ஒரு தட்டு போட்டது. ஊருக்குள் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு கிம்ப்ரோவைக் கேட்டோம். வளைவுகளில் வண்டி அந்தத் தாளத்துக்கே திரும்பியது, மருமகன் மறுக்கிறான்.

மாலை சவுத்ஹேவன். மெம்பிஸின் தெற்கு எல்லையைத் தாண்டினால் வருகிற புறநகர். இங்குள்ள ஸ்னோடன் குரோவ் திறந்தவெளி அரங்கில்தான் 2007 ஜூலை 31 அன்று ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் கடைசிக் கச்சேரி நடந்தது. அதற்குப் பதினைந்து நாள் முன்பு கனடாவின் செயின்ட் ஜான்ஸில் ஒரே ஒரு சுரத்தை அடித்துவிட்டு மேடையை விட்டு இறங்கி, கச்சேரி முடிந்தது என்றவர்கள். அன்று இங்கே மேடை ஏறுவதற்கு முன், இதுதான் கடைசி என்றாராம் மெக். இந்தச் சுற்றில் கடைசியா என்று ஜாக்கின் உறவினர் பென் பிளாக்வெல் கேட்க, இல்லை, மொத்தத்திலும் என்று பதில். முடித்தது பருத்திக்காயைத் துளைக்கும் வண்டைப் பற்றிய பழைய நாட்டுப்பாட்டோடு. செப்டம்பரில் மெக்கின் மனப்பதற்றத்தைக் காரணம் சொல்லி மீதிப் பயணத்தை ரத்து செய்தார்கள். 2011 பிப்ரவரியில் முறைப்படி கலைந்தார்கள். மெக் பிறகு பொதுவெளிக்கே வரவில்லை. அவருடைய அடி எளிமையானது, கத்துக்குட்டித்தனமானது என்று எழுதித் தீர்த்தவர்களை எல்லாம் முந்தாநாள் இரவு அந்தப் பெண்ணுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டும்.

அரங்கின் கதவு பூட்டியிருந்தது. கம்பி வேலி வழியாக வெறும் மேடையும் புல்தரையும் தெரிந்தன. சுற்றிலும் பேஸ்பால் மைதானங்கள். சிறுவர்களுக்கு ஏதோ போட்டி, வாகன நிறுத்தம் நிரம்பி வழிந்தது. எங்கள் வண்டியைக் கிடைத்த சந்தில் செருகிவிட்டு வந்திருந்தோம்.

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பக்கத்து மைதானத்தின் கம்பத்தில் இருந்த ஒலிபெருக்கி பேசத் தொடங்கியது. அசல் குழாய். யூனிட் நன்றாகக் கிழிந்திருந்தது. அறிவிப்பாளரின் குரல் ஓரமெல்லாம் பிசிறடித்து, ஒவ்வொரு எண்ணிலும் இரும்புச் சட்டியைத் தேய்த்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். என் கை ஒலியைக் குறைக்கும் குமிழைத் தேடவில்லை. "என்னமாய் இருக்கிறது பார்" என்றேன் மருமகனிடம்.

மறுபடியும் அதே அறிவிப்பு. மூன்றாம் முறை வந்தபோது அவன் முகம் மாறியது.

"மாமா, அது நம் வண்டியின் எண். யாரோ வெளியே எடுக்க முடியாமல் நிற்கிறார்களாம்."

ஓடினோம்.